அழுமூஞ்சிச் சுவர்

வெர்லீன் டிட்மோரை நீங்கள் ஏசலாம், ஏமாற்றலாம், அவள் வண்டி நிறுத்தும் இடத்தில் முந்திக்கொண்டு உங்கள் வண்டியை நிறுத்தலாம். ஆனால் அவள் மறந்துவிடுவாள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பதினாலாம் நம்பர் மஞ்சள் பஸ். ஒருமுறை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அவள் சீட்டில் சூயிங்கம் ஒட்டிவைத்தான். அவள் யாரிடமும் புகார் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து அதே பையன் கோட்டும் டையுமாக அவள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் விற்க வந்தான். உட்காரச் சொன்னாள். இனிப்பு டீ கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் பேசவிட்டாள், எல்லாக் காகிதத்தையும் நிரப்பவிட்டாள். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு, "என் நீலப் பாவாடை பாழாப் போச்சுடா தம்பி, ஞாபகம் இருக்கா?" என்றாள். பையன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்படிப்பட்டவளிடம்தான் கோய் லாசிட்டர் வாலாட்டினார்.

நான் ஜுவெல். கோய் லாசிட்டரின் பார்பிக்யூ கடையில் பத்தொன்பது வருஷமாகப் பன்றிக்கறி கொத்துகிறேன். "அவர் உப்பைத் தின்றுவிட்டு அவரைப் பற்றியே பேசுகிறாயே" என்று கேட்பீர்கள். தின்ற உப்புக்குக் கை வலிக்கக் கொத்திக் கொடுத்துவிட்டேன். விசுவாசம் அந்தச் சம்பளத்தில் சேர்த்தி இல்லை.

எங்கள் கோட்வெல் ஊரில், ஏன், அலபாமா முழுவதிலுமே, பிள்ளை பிறந்தால் ஆணா பெண்ணா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, சிவப்பா ஆரஞ்சா என்பதுதான். மாநிலத்தில் இரண்டு பெரிய கல்லூரிகள். ஒன்றின் நிறம் சிவப்பு, மற்றதன் நிறம் ஆரஞ்சு. இரண்டும் வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பர் கடைசியில், நன்றித் திருநாள் வான்கோழியைத் தின்று முடித்த சனிக்கிழமை, ஃபுட்பாலில் மோதும். காலால் உதைக்கிற உருண்டைப் பந்து இல்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற முட்டைப் பந்து. அந்தக் கல்லூரிகளின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர். அதனால் என்ன? சாமியை நேரில் பார்த்தா கும்பிடுகிறோம்?

நான் சிவப்பு. கோயும் சிவப்பு. இதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நான் சொல்லப்போவது கட்சிச் சண்டை இல்லை.

கோய் சபையில் டீக்கன். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பவர். எங்கள் சபையில் சூது பாவம். அதனால் ஆட்டத்தின்மேல் யாரும் காசு வைப்பதில்லை. மானத்தை வைப்போம். "காசு வச்சா சூது, சட்டை வச்சா சிநேகம்" என்பது கோய் அடிக்கடி சொல்வது. தோற்றவன் மறுநாள் சபை முடிந்ததும் ஜெயித்தவன் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வரவேண்டும். மூக்கின்மேல் ரப்பர்ப் பன்றி மூக்கு. இடுப்பில் ஏப்ரன். எல்லோருக்கும் தட்டு எடுத்துக்கொடுக்க வேண்டும். அப்புறம் ஒரு போட்டோ. அது கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் ஏறும். அதற்குப் பெயர் அழுமூஞ்சிச் சுவர். யாரிடம் தோற்றானோ அதே ஆளிடம் திரும்பப் பந்தயம் கட்டி ஜெயித்தால்தான் போட்டோ இறங்கும். இந்த விதியை எழுதியவர் கோய். முப்பது வருஷமாக அதை வேதவாக்கியம்போல் ஒப்பிப்பவரும் அவரே.

வெர்லீனின் புருஷன் ஹாய்ட், மர அறுவை மில்லில் வேலை பார்த்தவன். தலைமுதல் கால்வரை ஆரஞ்சு. அவனும் கோயும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதர்கள். இருவரும் வருஷம் தவறாமல் கட்டுவார்கள், மாறி மாறித் தோற்பார்கள், மாறி மாறிப் பன்றி மூக்கு மாட்டுவார்கள். அதுவரை எல்லாம் விளையாட்டுதான். வெர்லீன் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள். முட்டைப் பந்துக்கும் முட்டைக்கோசுக்கும் வித்தியாசம் தெரியாதவள் அவள்.

கடைசியாக ஹாய்ட் தோற்ற வருஷம், ஞாயிற்றுக்கிழமை அவன் கடைக்கு வந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. சிவப்புச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. நவம்பர் மாசக் குளிரில் வேர்வை.

"சரியாத் தூங்கல ஜுவெல், வேற ஒண்ணுமில்ல" என்று தட்டை எடுத்தான்.

ஒரு மணி நேரம் போனது. வெர்லீன் எழுந்துவந்தாள். "கோய், போதும்ப்பா, அவருக்கு முடியல. உக்காரச் சொல்லு."

கோய் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "தோத்தவனுக்கு எப்பத்தான் முடிஞ்சிருக்கு? டேய் ஹாய்ட், எட்டாம் நம்பர் மேசைக்கு சாஸ் கொண்டு போடா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹாய்ட்டும் சிரித்தான். இன்னும் ஒரு மணி நேரம் தட்டு தூக்கினான். கோய் அவன் கன்னத்தைக் கிள்ளியபடி போட்டோ எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மில்லில், மரக்கட்டை அடுக்கின்மேல் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம்.

கோய் சவ அடக்கத்தில் அழுதார். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் போட்டோவை இறக்கவில்லை. சரி, துக்கத்தில் மறந்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த மாசம் ஒரு திங்கட்கிழமை நான் கடையைத் திறக்கும்போது பார்க்கிறேன், ஹாய்ட்டின் போட்டோவுக்குக் கீழே வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. கோயின் கையெழுத்து: "கடைசி நேரத்தில் மனம் திரும்பியவன்."

எங்கள் சபைக்காரர்களுக்கு அது என்ன பேச்சு என்று தெரியும். சாகிற படுக்கையில் பாவத்தை அறிக்கையிட்டு ரட்சிக்கப்பட்டவனைச் சொல்கிற பேச்சு. ஆரஞ்சுக்காரன் சாகுமுன் சிவப்புச் சட்டை போட்டானாம், ரட்சிக்கப்பட்டானாம். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்குக் கறிக்கத்தியை அவர்மேல் எறியலாம்போல் இருந்தது. எறியவில்லை, தூசி தட்டினேன். காலையில் சுவரைத் துடைப்பது என் வேலை. ஹாய்ட்டின் சாம்பல் முகத்தைத் தினமும் துடைத்தவள் நான்.

வெர்லீன் வந்தாள். கறுப்பு உடை இன்னும் மாற்றவில்லை. "கோய், அது அவரோட கடைசிப் படம். எனக்கு வேணும். அந்தச் சீட்டையும் கிழிச்சுடு."

"அட, விளையாட்டுதானம்மா. ஹாய்ட் இருந்தா அவனே முதல்ல சிரிப்பான்."

"அவரு இல்லையே."

"விதின்னு ஒண்ணு இருக்கு வெர்லீன். ஜெயிச்சுத்தான் எடுக்கணும். உனக்காக ஒண்ணு பண்றேன். ஹாய்ட்டுக்குப் பதிலா நீ கட்டு. ஜெயிச்சா எடுத்துட்டுப் போ." பெரிய மனசு பண்ணிவிட்டவர்போல் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார்.

வெர்லீன் சுவரைப் பார்த்தாள், கோயைப் பார்த்தாள். "சரிங்க, பிரதர் கோய்" என்றாள்.

அதுவரை அவளுக்கு அவர் நீ, வா, போ. ஒரே வகுப்பில் படித்தவர்கள். அன்றிலிருந்து நீங்க, வாங்க, பிரதர். கோய் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். முட்டாள்.

ஆறு வருஷம் கட்டினாள். ஆரஞ்சின்மேல்தான் கட்டவேண்டும், ஹாய்ட்டின் கட்சியை மாற்றினால் ஹாய்ட்டுக்கு என்ன மதிப்பு? ஆறு வருஷமும் ஆரஞ்சு தோற்றது. ஆறு வருஷமும் அறுபது வயதைத் தாண்டிய அந்தப் பெண்பிள்ளை பன்றி மூக்கை மாட்டிக்கொண்டு, சிவப்பு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தன் புருஷன் படத்துக்குக் கீழேயே தட்டு தூக்கினாள். கோய் ஒரு வருஷம்கூட "போதும், படத்தை எடுத்துக்கோ" என்று சொல்லவில்லை. கூட்டம் வந்தது. வியாபாரம் ஆனது. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட "அந்த விதவை" தட்டு தூக்குவதைப் பார்க்க வந்தார்கள்.

ஆனால் அந்த ஆறு வருஷத்தில் அவள் இன்னொன்றும் செய்தாள். ஆட்டம் படித்தாள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது பஸ்ஸில் ரேடியோ. சனிக்கிழமைகளில் டிவி முன்னால் ஒரு நாற்காலி. சிவப்பு ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூட விடவில்லை. எதிரியின் வீட்டு வாசற்படியில் எத்தனை படி என்று எண்ணிவைக்கிற மாதிரி எண்ணினாள்.

ஏழாவது வருஷம் அக்டோபரில் ஒருநாள், கடைக்குப் பின்னால் நான் எலும்புக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"ஜுவெல், உங்க சிவப்புக் கோச் இருக்காரே, அவரு டீம் புள்ளியில முன்னால இருக்கும்போது, பந்தும் கையில இருந்து, ரெண்டு நிமிஷம்தான் பாக்கின்னா என்ன பண்றாரு, கவனிச்சிருக்கியா?"

"முட்டி போடச் சொல்லுவாரு. எல்லாருந்தான் போடுவாங்க."

பந்தை வாங்கினவன் ஓடாமல், எறியாமல், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிவிடுவான். ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும், கடிகாரம் மட்டும் ஓடும். இப்படி மூன்று தடவை ஊன்றினால் நேரம் முடிந்துவிடும். ஜெயித்தவன் தோற்றவனுக்குக் காட்டுகிற மரியாதை.

"எல்லாரும் எப்பவும் போட மாட்டாங்க" என்றாள். "எதிராளியோட எல்லைக் கோடு கிட்ட இருந்தா அதத் தாண்டி இன்னும் ஏழு புள்ளி எடுத்துட்டுத்தான் போவாங்க. இந்த ஆளு ஆறு வருஷத்துல ஒரு தடவகூட அப்படி எடுக்கல. ரெண்டு கெஜம் பாக்கி இருந்தாலும் முட்டிதான். விழுந்தவன் மூஞ்சில மண்ணு போடக் கூடாதுன்னு வளர்ந்த மனுஷன்." கொஞ்சம் நிறுத்தினாள். "எல்லாரும் அப்படி வளர்றதில்ல."

அவள் கண்ணைப் பார்த்தேன். இன்சூரன்ஸ் பையன் ஞாபகம் வந்தது.

நன்றித் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடையில் உட்கார இடமில்லை. வெர்லீன் உள்ளே வந்ததும் கோய் ஏப்ரனை உயர்த்திக் காட்டினார்.

"வாங்க சிஸ்டர்! இந்தத் தடவையும் உங்களுக்குத்தானேன்னு துவைச்சு வச்சிருக்கேன்."

"கட்டத்தான் வந்தேன் பிரதர் கோய். ஆனா இந்த வருஷம் உங்க பசங்க யானை, எங்க பசங்க எலி. யாரு ஜெயிப்பாங்கன்னு சும்மா கட்டினா சின்னப் புள்ளகூட உங்க பக்கம் நிக்கும். புள்ளி குடுத்தீங்கன்னா கட்டுவேன்."

புள்ளி கொடுப்பது என்றால், பலசாலிக் கட்சிக்காரன் எதிராளிக்குச் சலுகை தருவது. பத்துப் புள்ளி கொடுத்தால், சிவப்பு வெறுமனே ஜெயித்தால் போதாது, பத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு ஜெயித்தாலும் கோய் தோற்றவர்.

"குடுத்தாப் போச்சு" என்றார் கோய். "பேப்பர்லயே பத்துன்னு போட்டிருக்கான். பத்து எடுத்துக்குங்க."

வெர்லீன் பெருமூச்சு விட்டாள். "பேப்பர்காரன் எங்கயோ உக்காந்துகிட்டு எழுதுறான், அவனுக்கு என்ன தெரியும்? நீங்களும் அதையே சொல்றீங்களே. சிவப்புமேல உங்களுக்கும் அவ்ளோதான் நம்பிக்கைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

தீவனக்கடை டப் ப்ரூயிட் வாயில் இருந்த கறியோடு சிரித்தான். "கோய், சிஸ்டர் உன்னை விசுவாசம் இல்லாதவன்னு சொல்றாங்கப்பா!"

கோயின் காது சிவந்தது. "பதினாலு! பதினாலு எடுத்துக்குங்க!"

"பதினாலா..." வெர்லீன் என் பக்கம் திரும்பினாள். "ஜுவெல், நீயும் சிவப்புதானே. உன் கடையா இருந்தா நீ எவ்ளோ குடுப்ப?"

கத்தியைப் பலகையில் வைத்தேன். தெரிந்தேதான் சொன்னேன், வாய் தவறிச் சொன்னேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசவேண்டாம்.

"நான் பதினேழு குடுப்பேன்" என்றேன். "இந்த வருஷத்துப் பசங்களுக்குப் பதினேழு ஒரு பெரிய விஷயமா?"

நுணலும் தன் வாயால் கெடும். கோய் கல்லாவை ஓங்கித் தட்டினார். "பாத்தீங்களாய்யா! என் கடையில பன்னி கொத்துறவ பதினேழு குடுக்குறா, டீக்கன் நான் பதினாலு குடுக்கிறதா? இருபது! இருபது குடுக்கிறேன். போதுமா சிஸ்டர்?"

"சரியா இருபதுல ஜெயிச்சா?"

"அதுவும் உங்களுக்கே! இருபத்தொண்ணுக்குக் குறைஞ்சா நான் தோத்தவன். போதுமா?"

"போதும்" என்றாள் வெர்லீன். பிறகு தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்தாள். எல்லோருக்கும் அது தெரியும். ஹாய்ட் முப்பது வருஷம் போட்ட ஜாக்கெட். முழங்கையில் வெர்லீன் போட்ட ஒட்டு. "நான் தோத்தா இதையும் அவரு படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டிக்குங்க. இனிமே நான் கேட்டு வரமாட்டேன். அவரு உங்க சுவர்லயே இருக்கட்டும். நான் ஜெயிச்சா படம் எனக்கு. அப்புறம், நான் குடுக்கிற சட்டையப் போட்டுகிட்டு, நான் சொல்ற இடத்துல நீங்க நிக்கணும்."

அந்த ஜாக்கெட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறவள் அவள். அவளிடம் ஹாய்ட்டென்று மிச்சம் இருந்ததே அதுதான். கோய் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கையை நீட்டினார். குலுக்கினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் மேசையை எல்லாம் டிவி பக்கம் திருப்பிப் போட்டோம். கோய் முன்வரிசை நடுவில், சிவப்புத் தொப்பி, சிவப்புச் சட்டை, சிவப்புச் சாக்ஸ். வெர்லீன் ஓரத்தில் இனிப்பு டீயோடு. ஜாக்கெட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

முதல் பாதியில் சிவப்பு இருபத்துநாலு, ஆரஞ்சு மூன்று. வித்தியாசம் இருபத்தொன்று. கோய் எழுந்துபோய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க, ஹாய்ட்டின் படத்துக்குப் பக்கத்தில் ஆணியை அடித்தார். "ஜாக்கெட்டக் குடுங்க சிஸ்டர், இப்பவே மாட்டிடலாம். நேரம் மிச்சம்" என்றார்.

"ஆட்டம் முடியட்டும் பிரதர்" என்றாள். ஜாக்கெட்டின் முழங்கை ஒட்டை விரலால் நீவினாள். சிவப்பாகப் பிறந்த நான், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஆரஞ்சுப் பையன்கள் ஒரு தடவையாவது கோட்டைத் தாண்டக் கூடாதா என்று கர்த்தரைக் கேட்டேன்.

தாண்டினார்கள். மூன்றாம் கால்பகுதியில் ஒன்று, நாலாம் பகுதியில் ஒன்று, நடுவில் உதைத்து மூன்று. சிவப்பும் சும்மா இருக்கவில்லை, இரண்டு தடவை தாண்டியது. முப்பத்தெட்டுக்கு இருபது. வித்தியாசம் பதினெட்டு. மூன்று நிமிஷம் பாக்கி. பந்து சிவப்பின் கையில்.

கடையில் யாரும் மெல்லவில்லை. சிவப்பு ஓடியது, ஓடியது, ஆரஞ்சின் கோட்டுக்கு நாலு கெஜத்தில் வந்து நின்றது. ஒரு நிமிஷம் நாற்பது விநாடி பாக்கி. சும்மா உதைத்தாலே மூன்று புள்ளி, வித்தியாசம் இருபத்தொன்று. ஓடித் தாண்டினால் அதற்கும் மேலே. நாலு கெஜம் என்றால் எவ்வளவு? கல்லாவிலிருந்து அடுப்பு வரைக்கும். கோய் சிரித்துக்கொண்டே எழுந்து வெர்லீனிடம் கையை நீட்டினார். "ஜாக்கெட்டு."

வெர்லீன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பிரதர், அங்க பாருங்க."

சிவப்புப் பையன்கள் வரிசையாக நின்றார்கள். பந்தை வாங்கினவன் இரண்டடி பின்னால் வந்தான். ஓடவில்லை. எறியவில்லை. முழங்காலைத் தரையில் ஊன்றினான்.

அரங்கத்தில் எண்பதாயிரம் சிவப்புக்காரர்கள் ஆர்ப்பரித்தார்கள். எங்கள் கடையிலும் டப்பும் மற்றவர்களும் கைதட்டினார்கள். ஜெயிச்சாச்சே! கோய் மட்டும் நீட்டின கையோடு நின்றார்.

"என்னடா பண்றான் அவன்?" என்றார். அப்புறம் கத்தினார். "டேய்! எந்திரிடா! ஓடுடா! நாலு கெஜம்டா, முடவன்கூடத் தாண்டுவான்டா!"

பையன் இரண்டாம் தடவை முழங்காலை ஊன்றினான்.

"முட்டி போடாதடா சனியனே! கோச்சா அவன்? கோழை! கைய ஆட்டிகிட்டு நிக்கிறான் பாரு, கையாலாகாத பய! உதைக்கவாவது சொல்லேன்டா! இவனுங்க எல்லாம் ஒரு டீமா, தூ!"

மூன்றாம் தடவை முழங்கால். கடிகாரம் பூஜ்யத்துக்கு ஓடியது. கோய் தலையில் இருந்த சிவப்புத் தொப்பியைக் கழற்றி டிவி முகத்தில் விட்டெறிந்தார். அது வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது.

எங்கள் ஊரில் ஒருவன் குடித்துவிட்டுச் சபைக்கு வந்தால் மன்னிப்பார்கள். பெண்டாட்டியை விட்டு ஓடினால் நாலு வருஷத்தில் மறப்பார்கள். ஆனால் ஜெயித்த சிவப்புப் பையன்களைப் பார்த்துத் தூ என்று துப்பியவனை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. டப் ப்ரூயிட் மெதுவாக எழுந்து அந்தத் தொப்பியைப் பொறுக்கி, தூசி தட்டி, மேசைமேல் வைத்தான்.

"கோய்" என்றான், "நாம ஜெயிச்சிருக்கோம்ப்பா."

வெர்லீன் டீயைக் குடித்து முடித்தாள். ஐஸையும் கடித்தாள். அப்புறம் நாற்காலியைச் சுவரருகே இழுத்துப் போட்டு ஏறி, யாரையும் தொடவிடாமல், ஹாய்ட்டின் படத்தைத் தானே இறக்கினாள். கீழே ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் ஓரம் கிழியாமல் உரித்துப் பைக்குள் வைத்தாள். படத்தை ஜாக்கெட்டுக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். இரண்டு நிமிஷம்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில ஒன்பதரைக்குச் சபை வாசலுக்கு வந்துடுங்க பிரதர். சட்டை நான் கொண்டாரேன்" என்றாள்.

"சபைக்கா?" என்றார் கோய். "வெர்லீன், நாளைக்கு நான்தான் தட்டு எடுக்கணும்."

"தெரியும்."

அவள் கொண்டுவந்த ஆரஞ்சுச் சட்டையை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். ஹாய்ட் செத்த வருஷமே வாங்கி, இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்திருந்தாளாம். கோயின் தொப்பை வளர வளர இரண்டு தடவை தையல்கடையில் கொடுத்து அளவு மாற்றியிருக்கிறாள். அச்சாகப் பொருந்தியது.

டீக்கன் கோய் லாசிட்டர் அந்த ஞாயிற்றுக்கிழமை, அடுத்தவன் குண்டுக்குத் தப்ப வேட்டைக்காரன் மாட்டிக்கொள்வதுபோல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சில், காணிக்கைத் தட்டை ஏந்தி இருபத்தொன்பது வரிசையும் நடந்தார். யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். முந்தின நாள் துப்பினதை ஊரே கேட்டிருந்தது. சிவப்புக்காரர்கள் தட்டில் காணிக்கையைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவரிடம் நகர்த்தினார்கள். வெர்லீன் முதல் வரிசையில் உட்கார்ந்து, தட்டு தன்னிடம் வந்ததும் அவரை நிமிர்ந்து பார்த்து, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக, பிரதர்" என்றாள்.

சபை முடிந்ததும் கடையில் பன்றி மூக்கு, ஏப்ரன், தட்டு. இரண்டு மணி நேரம். வெர்லீன் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக இரண்டு மணி நேரம் வைத்திருந்தாள். "எட்டாம் நம்பர் மேசைக்கு சாஸ் கொண்டு போங்க" என்று அவள் சொன்னபோது கோய் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, பண்டிகைபோல் இருந்தது.

போட்டோவை வெர்லீனே எடுத்தாள். ஹாய்ட் தொங்கின அதே ஆணியில் மாட்டினாள். பைக்குள்ளிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் புதுப் பசை தடவிக் கீழே ஒட்டினாள். கோயின் சொந்தக் கையெழுத்து: "கடைசி நேரத்தில் மனம் திரும்பியவன்."

போதகரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பழசை எல்லாம் விட்டுடும்மா, மன்னிச்சுடக் கூடாதா?" என்றாள்.

"மன்னிச்சுட்டேனே சிஸ்டர், முழங்கால் போட்டு ஜெபம் பண்ணி மன்னிச்சுட்டேன். மன்னிப்பு வேற, ஆணி வேற."

கோய் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். வெளியூர்க்காரர்கள் சாப்பிட வந்தால் அந்தப் படத்தைக் காட்டி, "இது யாரு, நீங்களா?" என்று கேட்பார்கள். டப் முழுக் கதையும் சொல்லுவான், தூ என்று துப்பினது உட்பட. கழற்றி எறிந்துவிடலாம்தான். ஆனால் முப்பது வருஷமாக ஒப்பித்த விதி, ஒரு விதவையின் முகத்துக்கு நேரே சொன்ன விதி, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த நவம்பர் வந்தது. நன்றித் திருநாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வெர்லீன் கறி வாங்க வந்தாள். கோய் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"வெர்லீன், இந்த வருஷம் எப்படி வேணா கட்டு. புள்ளி நீயே சொல்லு. ஆரஞ்சு மேலயா, சிவப்பு மேலயா, எதுமேல வேணா கட்டு. கட்டினாப் போதும்."

அவள் கறிப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்தாள். அவசரமே இல்லை. சுவரில் ஆரஞ்சுச் சட்டையில் நின்ற கோயையும், எதிரில் நின்ற கோயையும் ஒருமுறை பார்த்தாள்.

"நான் பந்தயம் கட்டுறத விட்டுட்டேன் பிரதர்" என்றாள். "சூது பாவம்."

கதவில் தொங்கிய மணி அடிக்க, சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நாலு வருஷம் ஆகிறது. அந்தப் படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலையில் சுவரைத் துடைப்பது இன்றும் என் வேலைதான், அந்தக் கண்ணாடியை மட்டும் இரண்டு தடவை துடைக்கிறேன்.